பழைய ரெக்கார்டு கைக்கு வந்தால் செய்யக் கூடாதவை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பழைய சாமான் விற்கும் இடங்களில் இன்னும் ரெக்கார்டு கிடைக்கிறது. தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, குடிபோனபோது கைமாறியவை நிறைய. ஆசைப்பட்டு வாங்கிப் போகிறவர்கள் முதல் நாளே அதைக் கெடுத்துவிடுகிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

முதலில் ஊசி. 78 என்பது நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டு, எல்பி என்பது 33⅓ சுற்றில் நீண்ட நேரம் ஓடும் தட்டு. 78 தட்டின் பள்ளம் அகலம், எல்பியின் பள்ளம் குறுகல். எல்பி ஊசியை 78-இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் போய் உரசும், பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும். அதைவிட மோசம், சாவி கொடுக்கும் கிராமபோனில் எல்பியைப் போடுவது, அந்த இரும்பு ஊசி ஒரே தடவையில் தட்டை உழுதுவிடும். பாட்டு எந்த வருஷத்தது என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள், 1960-களிலும் இந்தியாவில் 78 அச்சானது. தட்டில் போட்டிருக்கும் வேகத்தைப் பாருங்கள்.

அடுத்தது, ஸ்பிரிட்டால் துடைப்பது. எல்பி பிளாஸ்டிக், 78 பெரும்பாலும் அரக்கு. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும், அப்புறம் எதுவும் செய்ய முடியாது. காய்ச்சி வடித்த தண்ணீர், மெத்தென்ற பிரஷ், அவ்வளவு போதும், லேபிள் மட்டும் நனையக் கூடாது. தகரக் கூரைக்கடியில் படுக்கையாக அடுக்கவும் வேண்டாம். நிமிர்த்தி வையுங்கள்.

அமெரிக்காவில் விற்ற பழைய பிளேயரை வாங்குகிறவர்களும் உண்டு. அங்கே மின்சாரம் 120 வோல்ட், விநாடிக்கு 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்). நமக்கு 230, 50. டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வோல்ட் சரியாகும், சைக்கிள் மாறாது. பல பழைய பிளேயர்களில் மோட்டாரின் வேகமே சைக்கிளைப் பொறுத்ததுதான், அதனால் 33⅓ சுற்று 28-க்கும் கீழே இறங்கிவிடும். குரல் தடித்து, பாட்டு இழுவையாகக் கேட்கும், பழைய பதிவே இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டு கேட்பார்கள்.

சரி, எனக்கு அதிகம் வலிப்பது வேறு. பாட்டை வைத்துக்கொண்டு வசனத் தட்டையும் பேச்சுத் தட்டையும் குப்பையில் போடுகிறார்கள். படங்களுக்கு வசனம் எழுதிய அண்ணா 1967-இல் முதலமைச்சர், கலைஞர் 1969-இல். ஆட்சிக்கு வந்த அரசியல் முதலில் எந்தக் குரலில், எந்த வேகத்தில் ஜனங்களின் காதில் விழுந்தது என்பதை அந்தத் தட்டில்தான் கேட்க முடியும். அது குப்பையா?

குப்பையில் போடாதவர்கள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது: பழைய பேச்சில் இருபது விநாடியை வெட்டி, யார், எங்கே, எப்போது என்று எதுவும் சொல்லாமல் வாட்ஸ்ஆப்பில் விடுவது. தேர்தல் நேரத்தில் அது நேற்றுப் பேசியது போலச் சுற்றும். நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1955 முதல் 1973 வரை ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கட்சியின் தலைவர். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலைச் சமாளிக்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டவர். அந்தக் காலத்துப் பேச்சை மலேசியாவின் 2008 பொதுத் தேர்தலுக்குப் பிந்தைய அரசியல் சண்டைக்குள் இழுத்துப் போட்டால் கேட்கிறவருக்கு என்ன விளங்கும்?

அதனால் பதிவு செய்தால் ஒரு பக்கத்தை முழுசாகச் செய்யுங்கள். லேபிளை இரண்டு பக்கமும் படம் எடுங்கள். 78-இல் பெரும்பாலும் வருஷம் இருக்காது, வரிசை எண் இருக்கும். பள்ளம் முடிந்து லேபிள் தொடங்கும் இடத்தில் இன்னொரு எண்ணைக் கீறியிருப்பார்கள், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். இரண்டையும் ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள், வருஷத்தைத் தேடிப் பிடிக்க அவைதான் உதவும்.