கவனமாகப் பார்த்தேன் என்று எழுதினேன், கப்பல் போய்விட்டது: ஆங்கில மெயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன், எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்தான். திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு, அதாவது ஆர்டரைப் பின்தொடர்ந்து பையரிடம் பேசும் வேலைக்கு, வருகிற பலரைப் போல, துணியைத் தொட்டுப் பார்த்தே ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை) சொல்லிவிடுவான். மெயில் என்றால்தான் கை தயங்கும். "அண்ணா, இது சரிங்களா, கொஞ்சம் பாருங்க" என்று திரையைத் திருப்பினான். சாம்பிள் கொரியர் வந்துவிட்டதாம், 'ஐ வில் பிக் அப் இட் டுமாரோ' என்று முடித்திருந்தான். பதினைந்து வருஷத்துக்கு முன் நான் எழுதிய அதே வரி. சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் எரிச்சலும்.

'டிஸ்கஸ் அபவுட்', 'ரிட்டர்ன் பேக்', 'கோப் அப் வித்' வகையறாக்களை இங்கே எடுக்கப்போவதில்லை. அபவுட், பேக், அப் மூன்றையும் அடித்துவிட்டால் வேலை முடிந்தது. எழுதுகிறவருக்குச் சந்தேகமே வராத இடங்களில் நடப்பவைதான் என் கவலை.

## 'பிக்கப்' ஒரே சொல் என்று நம்புவது

நாம் 'அவரை பிக்கப் பண்ணு' என்கிறோம். ஃபாரத்தை 'ஃபில்லப் பண்ணு', ஃபேனை 'ஸ்விட்சாஃப் பண்ணு'. இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பசை போட்டு ஒட்டி, பின்னால் ஒரு 'பண்ணு'வைக் கோத்துவிடுகிறோம். தமிழில் இது ஜோராக ஓடுகிறது. ஒட்டிய சொல்லை அப்படியே ஆங்கிலத்துக்குத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் வம்பு.

ஆங்கிலத்தில் பிக் வேறு, அப் வேறு. நடுவே ஆள் நுழைய இடம் உண்டு. 'பிக் அப் தி சாம்பிள்' என்றாலும் சரி, 'பிக் தி சாம்பிள் அப்' என்றாலும் சரி. ஆனால் சாம்பிளை 'இட்' என்று சுருக்கிவிட்டால் அது நடுவில்தான் உட்காரும்: 'பிக் இட் அப்'. ஹிம், ஹெர், தெம் எல்லாருக்கும் இதே இடம்தான். 'ஸ்விட்ச் இட் ஆஃப்', 'கால் தெம் அப்', 'ஃபில் இட் இன்'. ஆங்கில வாக்கியத்தின் கடைசி இடம் பெரும்பாலும் புதுச் செய்திக்கு உரியது. 'இட்' என்பது இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த பொருள், அதனால் அழுத்தம் இல்லாமல் நடுவில் ஒடுங்கிக்கொள்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், குரல் 'அப்'பில்தான் ஏறும்.

## 'லுக்'கையும் 'ஓவர்'ஐயும் இடம் மாற்றி வைப்பது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். குழந்தைகள் டீஷர்ட் ஆர்டர். பையர் மெஷர்மெண்ட் சார்ட்டைத் திருத்தி அனுப்பியிருந்தார், தோள் அகலமும் கை நீளமும் மாறியிருந்தன. நான் அதை வரி வரியாகச் சரிபார்த்து, பேட்டர்ன் மாஸ்டரிடம் உட்கார்ந்து பேசி, புது அளவில்தான் கட்டிங் போட வைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையர் கேட்டார், புது சார்ட்டைப் பார்த்தீர்களா என்று. பெருமையாக அடித்தேன்: 'யெஸ், ஐ ஓவர்லுக்ட் இட். கட்டிங் ஸ்டார்ட்டட்.'

என் மனதில் ஓடிய கணக்கு இதுதான். மேற்பார்வை என்றால் மேல், பார்வை. மேல் என்றால் ஓவர், பார் என்றால் லுக். ஆக, ஓவர்லுக். அவர் படித்தது வேறு: 'ஆமாம், அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன், கட்டிங்கும் ஆரம்பித்தாகிவிட்டது.'

ஐந்தே நிமிஷத்தில் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிப் பதில் வந்தது. அதோடு அவர்கள் ஆபீஸ் இரண்டு நாள் லீவு. திங்கட்கிழமை நான் விளக்கம் எழுத, அவர்கள் நம்பாமல் ஒவ்வொரு சைஸையும் டேப் வைத்து அளந்து போட்டோ கேட்க, அதற்குள் எங்கள் தையல் லைனில் வேறொரு ஆர்டர் ஏறிவிட்டது. கடைசியில் தூத்துக்குடியில் கப்பலைக் கோட்டைவிட்டோம். சரக்கு விமானத்தில் போனது, செலவு எங்கள் தலையில். முதலாளி திட்டக்கூட இல்லை. "தம்பி, பார்த்தியா பார்க்கலையா, அதை மட்டும் சொல்லு" என்று மூன்று முறை கேட்டார். பார்த்தேன் என்று மூன்று முறை சொன்னேன். "அப்புறம் ஏன் பார்க்கலைன்னு எழுதினே?"

அன்று ராத்திரி அகராதியைப் புரட்டினேன். ஓவர்லுக் என்பதற்கு மேற்பார்வையிடுவது என்ற பொருளும் உண்டு, எங்கோ கீழே, பழைய வழக்காக. மறுநாள் அதைக் காட்டி வாதாடலாம் என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, வாதாடவில்லை. இன்று மெயிலில் அந்தச் சொல்லைப் பார்க்கிறவர் முதலில் எடுத்துக்கொள்வது 'தவறவிட்டேன்' என்றுதான்.

'லுக் இட் ஓவர்' என்றால் ஒரு பார்வை பார்த்துச் சரிபார்ப்பது. நான் எழுதியிருக்க வேண்டியது 'ஐ லுக்ட் இட் ஓவர்', அவ்வளவுதான். 'லுக் ஓவர் இட்' என்றால் பொதுவாக மதில்மேல் எட்டிப் பார்க்கிற மாதிரி, ஒன்றுக்கு மேலாகப் பார்ப்பது. 'ஓவர்லுக் இட்' என்றால் கோட்டைவிடுவது, ஹோட்டல் அறை ஏரியை ஓவர்லுக் செய்தால் மட்டும் அங்கிருந்து ஏரி தெரியும் என்று பொருள். மேற்பார்வைக்கு இருக்கிற சொல் 'ஓவர்சீ'. சரி, இதிலாவது ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று மூச்சு விட்டால், 'ஓவர்சைட்' என்ற பெயர்ச்சொல் வந்து நிற்கும். அதற்கு மேற்பார்வை என்றும் பொருள், கவனக்குறைவு என்றும் பொருள். இதை வைத்தவர்களை என்ன சொல்வது!

ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பார்த்துவிடு, பார்த்துக்கொள், பார்த்துத் தொலை. மூன்றிலும் பார்ப்பது ஒன்றுதான், ஒட்டியிருப்பது வேறு. வெளியூர்க்காரருக்குத் 'தொலை' அங்கே என்ன செய்கிறது என்று விளக்கிப் பாருங்கள்.

எனவே சொல்லைப் பிரித்து, துண்டு துண்டாகத் தமிழாக்கி, மறுபடி கூட்டாதீர்கள். 'செட் அப்' அமைப்பது, 'அப்செட்' கலங்கடிப்பது. 'டேக் ஓவர்' பொறுப்பேற்பது, 'ஓவர்டேக்' முந்துவது. கோர்ட் ஒரு தீர்ப்பை 'அப்ஹோல்ட்' செய்தால் உறுதிசெய்கிறது, கஸ்டம்ஸ் கண்டெய்னரை 'ஹோல்ட் அப்' செய்தால் உங்கள் தூக்கம் போகிறது.

## கற்றதும் எல்லாவற்றையும் நடுவில் செருகுவது

'இட்' நடுவில் வரும் என்று சொல்லிக்கொடுத்த ஒரு மணி நேரத்தில் அதே பையன் 'வி வில் லுக் இட் ஆஃப்டர்' என்று எழுதினான். இதுவும் நான் செய்ததுதான்.

லுக் ஆஃப்டர், லுக் அட், வெயிட் ஃபார், டிபெண்ட் ஆன் இவற்றில் பின்னால் இருப்பது உண்மையான ப்ரிப்போசிஷன். அது தன் ஆளைத் தனக்குப் பின்னால்தான் வைத்துக்கொள்ளும்: 'லுக் ஆஃப்டர் இட்', 'வெயிட் ஃபார் ஹிம்'. சந்தேகம் வந்தால் நடுவே 'கேர்ஃபுலி' போட்டுப் பார்ப்பேன். 'லுக் கேர்ஃபுலி அட் தி சாம்பிள்' நிற்கிறது. 'பிக் கேர்ஃபுலி அப் தி சாம்பிள்' நிற்கவில்லை. நின்றால் 'இட்' கடைசியில், நிற்காவிட்டால் நடுவில். 'புட் அப் வித்' மாதிரி மூன்று சொல் சேர்ந்தாலும் கடைசிதான்.

சிலவற்றில் இடம் மாறினால் ஆளே மாறிவிடுவான். 'ஐ சா ஹிம் த்ரூ' என்றால் கடைசிவரை அவனுக்குத் துணை நின்றேன். 'ஐ சா த்ரூ ஹிம்' என்றால் அவன் வேஷம் எனக்குப் புரிந்துவிட்டது. 'டர்ன் ஆன்' நடுவில் 'ஹிம்' போடும் முன் தயவுசெய்து அகராதியைப் பாருங்கள். காரணம் இங்கே எழுத முடியாது.

## 'பிட்வீன் யூ அண்ட் ஐ'

'மீ'.

## 'லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ'

'மீட்டிங் யூ'. அந்த 'டு' ப்ரிப்போசிஷன்.

## 'எக்ஸ்ப்ளைன் மீ'

'எனக்கு அனுப்புங்கள்', 'எனக்கு விளக்குங்கள்'. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'கு'. ஆங்கிலத்தில் செண்ட், கிவ், ஷோ, டெல் ஆகியவை 'மீ'யை நேராகப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளும். எக்ஸ்ப்ளைன், சஜஸ்ட், சே மூன்றும் 'டு' இல்லாமல் ஆளைத் தொடாது. 'எக்ஸ்ப்ளைன் இட் டு மீ'.

## கடைசியில் ப்ரிப்போசிஷன் வந்தால் பயப்படுவது

'வாட் ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?' என்று எழுதிவிட்டு, 'ஃபார்' கடைசியில் வரலாமா என்று அழிக்கிறார்கள். ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் 1672-இல் முந்தைய நாடகாசிரியர் பென் ஜான்சனை இதற்காகக் குறை சொன்னார், அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆங்கிலேயர்கள் அப்போதும் அப்படித்தான் பேசினார்கள், இப்போதும் அப்படித்தான். எழுதுங்கள்.

பையனின் மெயில், 'பிக் இட் அப்' என்ற திருத்தத்துடன் போனது. சாயங்காலமே பதில் வந்தது: 'கிரேட். லுக் இட் ஓவர் அண்ட் லெட் மீ நோ.' "அண்ணா, இங்க பாருங்க" என்று 'இட்' இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.