தெருச் சாலைக்குப் பத்து வருஷக் கணக்கு போடுவது எப்படி?

நகராட்சியில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாகத் தேர்வான கவுன்சிலர்கள் இன்னமும் வந்து, "சார், என் வார்டுக்கு ரோடு எப்படி வாங்குவது?" என்றுதான் கேட்கிறார்கள். போட்ட ரோட்டை எட்டு வருஷம் எப்படி வைத்திருப்பது என்று கேட்டவர்கள் குறைவு. அவர்களுக்காக இது.

முதலில் சாலைப் பதிவேட்டை எடுங்கள். தெருப் பெயரும் நீளமும் மட்டும் போதாது. அகலம், தாரா கான்கிரீட்டா பேவர் பிளாக்கா, கடைசியாகப் போட்ட ஆண்டு, ஒப்பந்ததாரரின் பொறுப்புக் காலம் முடியும் தேதி, குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் பதித்தாயிற்றா என்பது வரை எழுதுங்கள். கடைசி இரண்டும்தான் காசை மிச்சம் பிடிப்பவை. பொறுப்புக் காலத்துக்குள் பெயர்ந்தால் சரிசெய்வது ஒப்பந்ததாரர் வேலை. யாரும் தேதியைப் பார்க்காததால் நகராட்சிப் பணத்தில் ஒட்டுப் போடுகிறோம். குழாய் வரப்போகிற தெருவில் தார் போட்டால், சீக்கிரமே ஜேசிபி வந்து நிற்கும்.

அப்புறம் ஐப்பசி மழை விட்டதும் குடையோடு தெருத் தெருவாக நடங்கள். தாருக்கு முதல் எதிரி லாரி இல்லை, தேங்கும் தண்ணீர். நடுச்சாலையிலிருந்து ஓரத்துக்கு 2.5 சதவீதம் சரிவு வேண்டும். 6 மீட்டர் சாலையில் நடுவில் நூலைப் பிடித்து, ஓரம்வரை மட்டமாக இழுத்தால், ஓரத்தில் நூலுக்கும் தாருக்கும் இடையே ஏழரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். சரிவு சரியாக இருந்தும் தண்ணீர் நின்றால் வடிகாலைப் பாருங்கள். பைக் ஏற்ற வாசலில் கட்டிய சிமென்ட் சாய்தளம் அதை அடைத்திருக்கும். அதை இடிக்கச் சொன்னால் ஓட்டு போகும் என்பார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

நடக்கும்போதே தெருக்களை நல்லது, நடுத்தரம், மோசம் என்று பிரித்துவிடுங்கள். இங்கேதான் எனக்கும் கவுன்சிலர்களுக்கும் சண்டை வரும். குண்டும் குழியுமான தெருவுக்கே முதல் பணம் என்பார்கள். நான் நடுத்தரத்துக்குத்தான் முதலில் தரச் சொல்வேன். சிலந்திவலை மாதிரி மெல்லிய வெடிப்பு தொடங்கிய தெருவில் வெடிப்பை அடைத்து மேலே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தால் இன்னும் சில வருஷம் ஓடும். விட்டால் தண்ணீர் இறங்கி அடியிலுள்ள ஜல்லிப் படுகையே இளகிவிடும். பிறகு தோண்டித்தான் போட வேண்டும். மோசமான தெரு ஏற்கெனவே அந்த நிலைக்கு வந்துவிட்டது. அதைக் குழி மூடி ஓட்டிக்கொண்டு, முழு மறுசீரமைப்புக்குத் திட்ட நிதி வரும்போது எடுங்கள்.

குழி மூடுவதிலும் முறை உண்டு. ஓரத்தைச் சதுரமாக வெட்டி, தூசியைப் பெருக்கி, அடியிலும் பக்கச் சுவரிலும் தார் தடவி, கலவையைக் கொட்டி இறுக்க வேண்டும். ஈரக்குழியில் கொட்டிய கலவை அடுத்த மழையில் போய்விடும்.

இனி கணக்கு. ஊரில் 100 கிலோமீட்டர் தார்ச்சாலை, ஆயுள் 8 வருஷம் என்றால், ஆண்டுக்கு 12.5 கிலோமீட்டர் புதுப்பித்தே ஆக வேண்டும். சராசரி அகலம் 4 மீட்டர் என்றால் 50,000 சதுர மீட்டர். அந்த ஆண்டின் அரசு விலைப்பட்டியலில் ஒரு சதுர மீட்டருக்கு உள்ள விலையால் இதைப் பெருக்குங்கள். பழைய தாரைச் சுரண்டும் செலவையும் சேருங்கள். சுரண்டிவிட்டு அதே மட்டத்தில்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தினார். இல்லாவிட்டால் வீடுகள் பள்ளத்துக்குப் போய்விடும். விலை வருஷம் 5 சதவீதம் ஏறினால் 14 வருஷத்தில் இரட்டிப்பாகும், அதையும் பத்தாண்டுப் பட்டியலில் காட்டுங்கள்.

பணம் எங்கே? பராமரிப்புக்கு நம்பத்தக்கது சொத்து வரியும், மாநில வரி வருவாயில் நகராட்சிக்கு வரும் பங்கான மாநில நிதிக்குழுப் பகிர்வும்தான், இரண்டும் ஆண்டுதோறும் வருபவை. மத்திய நிதிக்குழு மானியத்தில் கணிசமான பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டது. அதைத் தாரில் போட முடியாது. கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்றவை வரும், போகும். அவற்றை மோசமான தெருக்களுக்கு ஒதுக்குங்கள். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு தரும். குடியிருப்போர் சங்கம் வலுவாக உள்ள தெருவுக்கு நல்ல வழி. கடன் வாங்கிக் குழி மூடாதீர்கள்.

யாரும் கவனிக்காத இன்னொரு வரவு, சாலை வெட்டுக் கட்டணம். கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டுகிறவர்கள் கட்டும் பணம் பொது நிதியில் கரைந்து சம்பளமாகிவிடும். அதற்குத் தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் போடுங்கள். வெட்டிய தெருவுக்கே அது திரும்ப வேண்டும்.

தை மாதம் பட்டியலை முடித்து, வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் வாசித்துவிட்டு, மார்ச் பட்ஜெட்டில் ஏற்றுங்கள். டெண்டர் ஏப்ரலில் போனால் ஐப்பசி மழைக்கு முன்பே, ஆவணிக்குள் தார் வேலை முடியும். புரட்டாசியில் எஸ்டிமேட் நீட்டுகிறவரைத் தைக்குப் பிறகு வரச் சொல்லுங்கள்.