அல்சூர் வீட்டில் ஒரு வெப் சர்வர்

வீட்டிலிருந்தே இணையப் பக்கங்களை வழங்கும் வெப் சர்வர் அமைக்க, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்குங்கள். 4 ஜிபி ரேம் தாராளம். மேசைக் கணினி வேண்டாம். அல்சூரில் எங்கள் தெருவில் மின்சாரம் போனாலும் மடிக்கணினியின் பேட்டரி சர்வரைத் தாங்கிப் பிடிக்கிறது.

வரைகலைத் திரை இல்லாமல் டெபியன் என்ற இயங்குதளத்தை நிறுவி, பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸ் மென்பொருளைச் சேருங்கள். அதே வைஃபையில் உள்ள கைபேசியின் பிரவுசரில் மடிக்கணினியின் ஐபி முகவரியை (வலையமைப்பில் அதற்குரிய எண்) அடித்ததும் வரவேற்புப் பக்கம் வரும். முதன்முறை அதைப் பார்த்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூடியைச் சாத்தினால் கணினி உறங்கிவிடலாம்; மூடி சாத்துவதைக் கவனிக்கும் லாகின்டி நிரலின் அமைப்புக் கோப்பில் அதைத் தடுத்துவிடுங்கள்.

வெளியுலகிலிருந்து எட்ட, ரௌட்டரில் 80, 443 போர்ட்டுகளை (இணையப் பக்கங்கள் வந்துபோகும் எண்ணிட்ட வாசல்களை) மடிக்கணினிக்குத் திருப்ப வேண்டும். இங்கேதான் இரண்டு நாள் தவித்தேன். ரௌட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொதுமுகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்கிறது என்று பொருள். போர்ட்டைத் திறந்து பயனில்லை. தனிப் பொதுமுகவரி கேட்டு வாங்குங்கள்.

தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் போர்ட்டைத் திறக்குமுன் கடவுச்சொல் நுழைவை நிறுத்தி, சாவிக்கோப்பை மட்டும் அனுமதியுங்கள். இதில் சமரசமே கூடாது. பிறகு தினமும் காலையில் நுழைவு முயற்சிகளின் பதிவேட்டைப் படியுங்கள்: 'ரூட்', 'அட்மின்' என்ற பயனர் பெயர்களில் முகமறியாதவர்கள் கதவைத் தட்டிய வரிகள் வரிசையாக நிற்கும்.