பழைய மர லேத் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

மரத்தைச் சுழற்றிக் கடையும் லேத்தை வாங்கி வீட்டில் இறக்கிய பிறகுதான் பலர் எனக்குப் படம் அனுப்பி, "எப்படி இருக்கு அண்ணா?" என்று கேட்கிறார்கள். ஒரு நாள் முன்னால் கேட்டிருந்தால் எவ்வளவோ பணம் மிஞ்சியிருக்கும். துரு, பேரிங் சத்தம், பேரம் எல்லாம் யாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஸ்பிண்டில் மரையை அளக்காமல் வாங்குவது

ஸ்பிண்டில் என்பது மரத்தைச் சுழற்றும் தண்டு. அதன் முனையில் உள்ள மரையை அளக்கச் சொல்லி எத்தனை முறை சொன்னாலும் தீர மாட்டேன் என்கிறது. நம் பக்கம் விற்பனைக்கு வரும் பழைய லேத்துகளில் பல, கட்டில் கால் கடைந்த பட்டறைகளில் ஓடியவை. அங்கே மரத்தை இரண்டு சென்டருக்கு (இரு பக்கமும் தாங்கும் கூர்முனைகள்) நடுவில் பிடித்துத்தான் கடைவார்கள். மரத்தை ஒரு பக்கத்திலேயே கவ்விப் பிடிக்கும் சக் மாட்டும் வேலையே கிடையாது. அதனால் ஸ்பிண்டில் முனையில் என்ன மரை என்று செய்தவரும் கவலைப்படவில்லை, ஓட்டியவரும் கவலைப்படவில்லை. புதிதாகக் கடைய வருபவருக்கோ முதல் ஆசையே கிண்ணம்தான். உள்ளே குடைய, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கை விலக்க வேண்டும். அப்போது மரத்தைப் பிடிக்கச் சக் வேண்டும்.

தெரிந்த தம்பி ஒருவர் அப்படி ஒரு லேத்தை மலிவாக வாங்கினார். கனமான வார்ப்பிரும்பு பெட் (அடிச்சட்டம்), பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. 1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 8 மரை என்று ஒரு சக் வரவழைத்தார். ஏறவில்லை. வெர்னியர் வைத்தால் 28 மி.மீ.; மரை எந்தக் கணக்கிலும் வரவில்லை. இடையில் பொருத்த அடாப்டர் கடைந்து மாட்டினார், சக் ஆடியது. இன்னொன்று கடைந்தார், அதுவும் ஆடியது. கடைசியில் புது ஸ்பிண்டிலே போட வேண்டியதாயிற்று. எல்லாம் சேர்த்தால் லேத் விலையைத் தாண்டிவிட்டது.

சக்கை நேராக உட்கார வைப்பது மரைக்குப் பின்னால் இருக்கும் தோள், அதாவது தட்டையான விளிம்பு. மரை இறுக்கிப் பிடிக்க மட்டும்தான். அவர் வாங்கிய ஸ்பிண்டிலில் தோளே இல்லை. மரை முடிந்த இடம் அப்படியே சரிந்து தண்டோடு கலந்துவிட்டது. எத்தனை அடாப்டர் கடைந்தாலும் அதில் எது நிற்கும்? தோள் இருந்தால் விரல் நகத்தால் சுற்றிலும் வருடிப் பாருங்கள். பிசிர் தட்டினால் எடுத்துவிடலாம், அது பெரிய விஷயமில்லை.

வெர்னியரும் மரை கேஜும் எடுத்துப் போங்கள். 1 அங்குலம் 8 மரை, அல்லது 33 மி.மீ. விட்டத்துக்கு 3.5 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) என்றால் சக் சுலபமாகக் கிடைக்கும். ஸ்பிண்டிலுக்குள் மோர்ஸ் டேப்பர் (எம்டி; சென்டரைச் செருகும் கூம்புத் துளை) இருக்கிறதா என்றும் பாருங்கள்: வாய் விட்டம் சுமார் 17.8 மி.மீ. என்றால் எம்டி2, 12 என்றால் எம்டி1. "எல்லாம் ஸ்டாண்டர்டுதான் சார்" என்பார் விற்பவர். நீங்கள் அளந்துவிடுங்கள்.

த்ரீ ஃபேஸ் மோட்டார்

பட்டறை லேத்தில் இந்த மோட்டார் இருந்தால், வீட்டு சிங்கிள் ஃபேஸில் விஎஃப்டி (அதை த்ரீ ஃபேஸாக மாற்றித் தரும் கருவி) வைத்து ஓட்டலாம். ஆனால் 230 வோல்ட் வாங்கும் சாதாரண விஎஃப்டி 415 வோல்ட் தராது. மோட்டார் தகட்டில் ஸ்டார் இணைப்பில் 415 என்றிருந்து, ஆறு முனைகளும் டெர்மினல் பெட்டிக்கு வந்திருந்தால் டெல்டா இணைப்புக்கு மாற்றி அந்த 230-லேயே ஓட்டிக்கொள்ளலாம். டெல்டாவிலேயே 415 என்றால் மோட்டாரை மாற்றும் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

குறைந்த வேகம்

கரடுமுரடான 10 அங்குலக் கட்டையை 500 ஆர்பிஎம்முக்கு மேல் தொடங்கவே கூடாது. புல்லியில் அவ்வளவு குறைந்த வேகம் இருக்கிறதா?

இரண்டு சென்டரும்

டெயில்ஸ்டாக்கை நெருக்கித் தள்ளினால் முனையோடு முனை தொட வேண்டும். விலகினால் வேண்டாம்.

டூல் ரெஸ்ட் இல்லாத லேத்

வாங்காதீர்கள். உளியை வைத்துக் கடையும் அந்த ரெஸ்டைத் தாங்கும் அடிக்கட்டை அந்தந்த பெட்டுக்கென்றே வார்த்தது, வேறு லேத்தினுடையது பெரும்பாலும் உட்காராது.