பழைய 4எஸ்-இல் மறுபடி இணையம் வந்தது

ஜெயில்பிரேக் செய்த (ஆப்பிளின் பூட்டுகளை நீக்கிய) என் ஐபோன் 4எஸ்-ஐப் பாட்டு கேட்கவும் படிக்கவும் இன்னும் வைத்திருக்கிறேன். ஐஓஎஸ் 9.3.5. ஒரு நாள் பார்த்தால் பாதித் தளங்கள் திறக்கவில்லை. சஃபாரியில் 'சான்றிதழை நம்ப முடியவில்லை' என்ற எச்சரிக்கை; சான்றிதழ் என்பது ஒரு தளம் அசல்தான் என்று காட்டும் டிஜிட்டல் அத்தாட்சி. தேதி, நேரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

திறக்காத தளங்களைக் கணினியில் திறந்து பூட்டுச் சின்னத்தைத் தட்டிப் பார்த்தேன். எல்லாமே லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் அமைப்பு தந்த சான்றிதழ்கள். அவை பழைய கருவிகளில் சார்ந்திருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களை நம்பக் கருவி அடிப்படையாக வைத்திருப்பது) 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியாகிவிட்டது. அதன் இடத்துக்கு வந்த ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 ஐஓஎஸ் 10-இலிருந்துதான் உள்ளேயே வருகிறது. என் போனுக்கு அது யாரென்றே தெரியாது!

ஜெயில்பிரேக் இருந்தும் சிஸ்டம் கோப்புகளில் கைவைக்கத் தேவைப்படவில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் தளத்திலிருந்து அந்தச் சான்றிதழின் .டெர் கோப்பைக் கணினியில் இறக்கி, எனக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். போனில் மின்னஞ்சலோடு வந்த கோப்பைத் தட்டியதும் நிறுவும் திரை வந்தது. கடவு எண் கொடுத்தேன், அவ்வளவுதான். ஐஓஎஸ் 10.3 முதல் என்றால் அமைப்புகளுக்குள் போய்த் தனியாக 'முழு நம்பிக்கை' கொடுக்க வேண்டும்; 9-இல் அந்த வேலை இல்லை.

கோப்பை மட்டும் தயவுசெய்து வேறு எங்கிருந்தும் எடுக்காதீர்கள். போலி மூலச் சான்றிதழை நிறுவினால், அதை வைத்திருப்பவர் உங்கள் இணைப்புகளை இடையில் நின்று படிக்கலாம். நிறுவும் முன் சான்றிதழின் கைரேகை எண்ணையும் (அதை அடையாளம் காட்டும் தனி எண்) ஒப்பிட்டேன்.

நான் நிறுவிய ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 சான்றிதழ் 2035 ஜூன் வரை செல்லும்.