லினக்ஸில் காணொளி தொகுப்பு: தொடக்கநிலையாளருக்கு ஏற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டத்து ஊர்களில் வள்ளி கும்மி அரங்கேற்றம் முடிந்த மறுநாள், பல கைபேசிகளில் பலவிதமாகப் பதிவான காட்சிகளை ஒன்றாகச் சேர்த்து, தலைப்பு வைத்து, யூடியூபில் ஏற்றும் பொறுப்பு பெரும்பாலும் குழுவில் கணினி தெரிந்த ஒருவரின் தலையில் வந்து விழுகிறது. அவரிடம் இருப்பது லினக்ஸ் போட்ட மடிக்கணினி என்றால், எளிமையான தொகுப்பு மென்பொருள் எது என்று தேடத் தொடங்குவார். பொத்தான்கள் குறைவாக இருப்பதையே எளிமை என்று பலர் எண்ணுகிறார்கள். கைபேசியில் எடுத்த காட்சியைத் திணறாமலும் ஒலி விலகாமலும் கையாள்வதே தொடக்கநிலையாளருக்கு முதலில் வேண்டிய எளிமை என்பது என் கருத்து. பொத்தான்கள் நாளடைவில் பழகிவிடும்.

முதலில், தொகுப்பு மென்பொருள் தேவைதானா என்று பாருங்கள். ஒரு மணி நேரப் பதிவின் முன்னும் பின்னும் இருக்கும் வெற்றுக் காட்சியை நறுக்கி எறிந்தால் போதும் என்றால், ‘லாஸ்லெஸ்கட்’ என்ற சிறு கருவியே வேலையை முடித்துவிடும். இது காட்சியை மறுபடியும் குறியாக்கம் (என்கோடிங்) செய்யாமல் அப்படியே வெட்டித் தருவதால் தரம் குறையாது, பழைய கணினியிலும் சில நொடிகளில் முடியும். வெட்டு, முழுப் படமாகச் சேமிக்கப்படும் சாவிச்சட்டகங்களில் (கீஃப்ரேம்) மட்டுமே விழும் என்பதால், நீங்கள் குறித்த இடத்துக்குச் சற்று முன்பிருந்தே காட்சி தொடங்கக்கூடும். அரங்கேற்றப் பதிவுக்கு அது ஒரு குறையே இல்லை.

பல காட்சிகளை இணைக்கவும் எழுத்து சேர்க்கவும் வேண்டும் என்றால், மூன்று பெயர்களுக்குள் தேடலை நிறுத்திக்கொள்ளலாம்: ஓப்பன்ஷாட், ஷாட்கட், கேடென்லைவ். மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள். காணொளியின் மேல் தம் முத்திரையைப் பதிப்பதில்லை, கால வரம்பும் இல்லை. ஓப்பன்ஷாட்டின் முகப்பு மிக எளிது. பள்ளி மாணவர் ஐந்து நிமிடக் காணொளி செய்ய அதுவே போதும், ஆனால் நீண்ட காட்சிகள் பல சேரும் வேலைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஷாட்கட்டும் கேடென்லைவும் ‘எம்எல்டி’ என்ற ஒரே அடித்தளத்தின் மேல் எழுந்தவை. தொடங்குவதற்கு ஷாட்கட்டையும், மாதம் ஒரு காணொளியாவது செய்யப்போகிறவர்களுக்குக் கேடென்லைவையும் சொல்வேன். டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருள் பெயர்பெற்றது என்றாலும், அதன் இலவச லினக்ஸ் பதிப்பு கைபேசிகள் பதியும் எச்.264, எச்.265 என்ற குறியாக்க வடிவக் காட்சிகளை நேரடியாக ஏற்பதில்லை. தனி கிராபிக்ஸ் அட்டையும் கேட்கும். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டருக்குள்ளும் ஒரு தொகுப்பான் உண்டு. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

நிறுவும்போது, உங்கள் லினக்ஸ் வகையின் (மின்ட், உபுண்டு போன்றவை) மென்பொருள் களஞ்சியத்தில் இருக்கும் பதிப்பு பழையதாக இருக்கலாம் என்பதால், பிளாட்ஹப் தளத்தின் பிளாட்பேக் (எல்லா லினக்ஸுக்கும் பொதுவான தொகுப்பு) பதிப்பையோ, மென்பொருளின் சொந்தத் தளத்தில் கிடைக்கும் ஆப்இமேஜ் (நிறுவாமலே இயங்கும் ஒற்றைக் கோப்பு) கோப்பையோ எடுப்பது நல்லது. லினக்ஸ் மின்ட்டில் பிளாட்பேக் ஏற்கெனவே இருக்கிறது. உபுண்டுவில் தனியாகச் சேர்க்க வேண்டும். முதல் பிளாட்பேக் மென்பொருளுடன் அதன் அடித்தளக் கோப்புகளும் நூற்றுக்கணக்கான எம்பி அளவில் இறங்கும் என்பதால், கைபேசி இணையத்தை நம்பி அந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

இனி, பெரும்பாலோர் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்படும் காணொளி சுருக்கப்பட்டுத்தான் வந்து சேரும் என்பதால், காட்சிகளை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள் அல்லது கேபிள் வழியே நேரடியாகப் பெறுங்கள். பெற்றவற்றைக் கணினியின் வட்டில் ஒரே கோப்புறையில் நகலெடுத்த பிறகே மென்பொருளைத் திறக்க வேண்டும். அடுத்தது சட்டக வேகம். பல கைபேசிகள் வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப நொடிக்கு இத்தனை சட்டகம் என்ற கணக்கை மாற்றிக்கொண்டே பதிகின்றன. தொகுப்பு மென்பொருளோ நிலையான வேகத்தை எதிர்பார்க்கிறது. இதனால் தொடக்கத்தில் சரியாக இருக்கும் ஒலி, காட்சி நீள நீள விலகிப்போகலாம். ஒருவர் பேசும் காட்சியில் மிகச் சிறிய விலகல் பலரின் கண்ணில் படாமல் போகலாம். கும்மியில், ஆசிரியரின் பாட்டுக்கும் நூறு பேரின் கைத்தட்டுக்கும் அடவுக்கும் இடையே ஒரு நூலிழை பிசகினாலும் பார்ப்பவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். இத்தகைய கோப்பைத் திறந்தால், தொகுப்புக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றலாமா என்று ஷாட்கட்டே கேட்கும். கேடென்லைவிலும் அந்த வசதி உண்டு. மறுக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய கோப்பு மூலக்கோப்பைவிடப் பல மடங்கு பெரிதாகலாம் என்பதால் வட்டில் தாராளமாக இடம் வைத்திருங்கள். ஹேண்ட்பிரேக் என்ற வடிவ மாற்றுக் கருவியில் நிலையான சட்டக வேகத்தைத் தேர்ந்தெடுத்து முன்கூட்டியே மாற்றி வைப்பதும் ஒரு வழி.

4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியில் காட்சி தத்தித் தத்தி ஓடினால் மென்பொருளைக் குறை சொல்ல வேண்டாம். ஷாட்கட், கேடென்லைவ் இரண்டிலும் ‘பிராக்ஸி’ என்ற வசதி உண்டு. அதை இயக்கினால் ஒவ்வொரு காட்சிக்கும் சிறிய மாற்று நகல் உருவாகி, தொகுக்கும்போது அந்த நகலே ஓடும், இறுதி வெளியீட்டில் மூலக்கோப்பு பயன்படும். நல்ல வெயிலில் உழவு ஓட்டுவதற்குப் பதிலாக வெள்ளாப்பில் ஓட்டுவதுபோல, அதே வேலை பாதிச் சிரமத்தில் முடியும்.

ஷாட்கட்டில் முதலில் திறக்கும் காட்சியின் அளவே முழுத் திட்டத்தின் அளவாகிவிடும். யாரோ செங்குத்தாகப் பிடித்த காட்சியை முதலில் திறந்தால் மொத்தக் காணொளியும் செங்குத்தாகிவிடும் என்பதால், கிடைமட்டமாக எடுத்த நல்ல காட்சியிலிருந்து தொடங்குங்கள். திறந்த காட்சி தானாகக் காலக்கோட்டில் (டைம்லைன்) சேராது. நீங்கள்தான் இழுத்து வைக்க வேண்டும். அதன்பின் ‘எஸ்’ விசை காட்சியை இரண்டாகப் பிரிக்கும், ‘எக்ஸ்’ விசை வேண்டாத துண்டை நீக்கி இடைவெளியையும் மூடிவிடும். முதல் காணொளிக்கு இந்த இரண்டு விசைகளும் போதும். ஒலிபெருக்கிக்காரரிடமிருந்து பாட்டை மட்டும் தனிப் பதிவாக வாங்கியிருந்தால் கேடென்லைவுக்குப் போங்கள். ஒரு ஒலியை ஒப்பீட்டுக்கு அடிப்படையாகக் குறித்து, மற்றக் காட்சிகளின் ஒலியை அதனுடன் தானாகவே பொருத்தும் வசதி அதில் இருக்கிறது.

தமிழில் தலைப்பு எழுத, ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ போன்ற ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துருவை நிறுவுங்கள். பிளக்ஸ் கடைகளில் புழங்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஒருங்குறித் தமிழை ஏற்பதில்லை. ‘பொள்ளாச்சி’ என்று அடித்துப் பாருங்கள்: ஒற்றைக்கொம்பு பகரத்துக்கு முன்னே நின்றால் எழுத்துரு சரியாக வேலை செய்கிறது. ஆப்இமேஜ், பிளாட்பேக் பதிப்புகளின் சாளரத்தில் தமிழ் விசைப்பலகை சில நேரம் இயங்காமல் போகலாம். அப்போது உரைத் தொகுப்பானில் அடித்து, நகலெடுத்து ஒட்டிவிடுங்கள்.

வெளியீட்டுக்கு எச்.264 காட்சியும் ஏஏசி ஒலியும் கொண்ட எம்பி4 கோப்பு, 1080பி அளவு ஆகியவை போதும். சட்டக வேகத்தைத் திட்டத்தில் இருப்பதுபோலவே விட்டுவிடுங்கள். முழுக் காணொளியையும் வெளியிடும் முன், கைத்தட்டு நெருக்கமாக வரும் ஒரு பகுதியை மட்டும் வெளியிட்டு, அதைத் தொலைக்காட்சியிலோ கைபேசியிலோ பார்த்து ஒலிப் பொருத்தத்தை உறுதிசெய்துகொள்ளலாம். திட்டக்கோப்பில் காட்சிகள் இருப்பதில்லை, அவை இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கிறது. வேலை முழுதாக முடியும்வரை கோப்புறையின் பெயரை மாற்றவோ, இடம் போதவில்லை என்று மூலக்கோப்புகளை அழிக்கவோ கூடாது. கேடென்லைவில் திட்டத்தையும் காட்சிகளையும் சேர்த்துக் காப்பகப்படுத்தும் கட்டளை ‘புராஜெக்ட்’ பட்டியில் இருக்கிறது.