மறையூர் மலையில் குடும்பத்தோடு கேபின் தங்கல்: முதல்முறை வருபவர்களுக்கு

பரீட்சை முடிந்து லீவு விட்டதும் கோவை, திருப்பூர்ப் பக்கத்துச் சொந்தங்களிடமிருந்து எங்களுக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "மாமா, மலைமேல மரவீடு ஒண்ணு பாத்து வைங்க, வியூ நல்லா இருக்கணும்." வியூவுக்கு இங்கே பஞ்சமே இல்லை. நான் திருப்பிக் கேட்பது, அன்றைக்கு எத்தனை மணிக்கு மலையேறப் போகிறீர்கள் என்றுதான். சாயங்காலம் 4 மணிக்குக் கேபின் வாசலில் இறங்கியிருக்க வேண்டும். அதை முதலில் குறித்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதிலிருந்து பின்னோக்கிப் போட்டு வாருங்கள்.

படி 1: இடமும் மாதமும்

மலை என்றாலே மூணாறுதான் எல்லோர் நினைப்பிலும் வரும். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டித் தீர்க்கும். டிசம்பர், ஜனவரியில் சில விடியல்களில் குளிர் பூஜ்யம் டிகிரியை ஒட்டிப் போய்விடும். அதே இடுக்கி மாவட்டத்தில், அதே மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் இருக்கும் சின்னாறும் மறையூரும் மழை மறைவுப் பகுதி. அங்கே அடைமழை பெய்யும்போது இங்கே சாரலோடு போய்விடுவது சகஜம். கைக்குழந்தையும் பாட்டியும் கூட வருகிறார்கள் என்றால் முதல்முறைக்கு மறையூர் போதும். குளிர் வேண்டுமென்றால் மறையூருக்கு மேலே இருக்கும் காந்தளூர் ஏறுங்கள்.

வரையாடு பார்க்க இரவிகுளம் தேசியப் பூங்காவும் திட்டத்தில் இருந்தால் பிப்ரவரி, மார்ச்சைத் தவிர்த்துவிடுங்கள். அது குட்டி ஈனும் காலம், பூங்காவை மூடிவிடுவார்கள். மழைக்காலத்தில் இடுக்கி மாவட்டத்துக்கு ரெட் அலர்ட் வந்தால், அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவு 70 பேரைக் கொண்டுபோன மலை இது.

படி 2: கேபினை போனில் விசாரிப்பது

போட்டோவை நம்பி மட்டும் பணம் கட்டாதீர்கள். இந்தப் பக்கம் பெரும்பாலும் தமிழ்தான் பேசுகிறோம், அதனால் மொழி ஒரு பிரச்சினையே இல்லை. கேள்வியைத்தான் சரியாகக் கேட்க வேண்டும். "வண்டி வருமா?" என்று கேட்டால், "தாராளமா வரும் சார்" என்பார்கள். அவர்கள் சொல்வது ஜீப்பை. "எங்க ஸ்விஃப்ட் கார் அடி தட்டாம வாசல் வரைக்கும் வருமாண்ணே?" என்று கேட்டால்தான், "கார கீழ கடைகிட்ட விட்டுட்டு ஜீப்புல ஏறிக்கலாம் சார்" என்ற பதில் வரும். உடனே ஜீப் வாடகை எவ்வளவு, ஒரு வழிக்கா இரு வழிக்கா என்பதையும் பேசி முடித்துவிடுங்கள்.

அடுத்தது கழிவறை. அறைக்கு உள்ளேயா வெளியேயா, வெஸ்டர்னா இந்தியனா, சுடுதண்ணீர் கீசரிலா விறகடுப்பிலா, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டா என்று கேளுங்கள். முட்டிவலிக்காரப் பெரியவர் ஒருவர் இருந்தாலும், எனக்கு இதுதான் எல்லா வியூவையும் விட முக்கியம். படிக்கட்டு எத்தனை, பால்கனிக் கம்பி குழந்தை நுழைகிற அளவு இடைவெளியில் இருக்கிறதா என்பதையும் வீடியோவில் காட்டச் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சின்னாறு சரணாலயத்துக்குள் வனத்துறையின் மரவீடுகளும் உண்டு. காட்டுக்குள் தங்கும் அனுபவம் அங்கேதான். ஆனால் இருட்டினால் வெளியே இறங்க முடியாது, பாட்டு, கேம்ப் ஃபயர் எதுவும் கிடையாது. சின்னப் பிள்ளைகளோடு முதல்முறை வருகிறவர்களுக்கு ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தனியார் கேபினே தோது.

படி 3: மலையேறும் நேரம்

இப்போது பின்னோக்கிக் கணக்குப் போடுவோம். 4 மணிக்குக் காந்தளூர்க் கேபின் என்றால் 3 மணிக்கு மறையூர். அதற்கு உடுமலைப்பேட்டையை 1 மணிக்காவது விட வேண்டும். அப்படியானால் கோவையில் 10 மணிக்குக் கிளம்பி, உடுமலையில் மதியச் சாப்பாடு. டேங்கை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், கொஞ்சம் ரொக்கமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடுமலையிலிருந்து மறையூர் 45 கிலோமீட்டர் போல வரும். தூரத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டியதும் காடு, அப்புறம் சின்னாறு செக்போஸ்ட், அதிலிருந்து கேரளம். இரவில் இந்த வழியை அடைத்துவிடுவார்கள். நேரம் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். வாடகை வண்டியானால் கேரளத்துக்கு பர்மிட் போட்டிருக்கிறதா என்று டிரைவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். சொந்தக் காருக்கு அது தேவையில்லை.

வெயில் இறங்கியதும் யானைகள் ரோட்டுக்கு வரும். வந்தால் தூரத்திலேயே நிறுத்திவிடுங்கள். ஹாரனும் வேண்டாம், போட்டோவுக்காகக் கீழே இறங்கவும் வேண்டாம். அது போனபிறகு போகலாம். 4 மணிக்குச் சேர வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவே பாதிக் காரணம். மீதிப் பாதி, ஜீப் பாதையை இருட்டில் முதல்முறை பார்ப்பது குழந்தைகளுக்கு நல்லதல்ல.

ஏறும் வண்டிக்கு வழிவிடுவது மலை மரியாதை. இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல், ஏறின கியரிலேயே இறங்குங்கள். வாந்தி வரும் பிள்ளைக்கு உடுமலையில் பரோட்டா வாங்கிக் கொடுக்காதீர்கள். இட்லி போதும்.

படி 4: சாப்பாடும் சாமானும்

முதல் இரவு சமைக்கவே வேண்டாம். வீட்டிலிருந்து புளியோதரையும் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொள்ளுங்கள். அடுத்த நாள் சமைப்பதானால் குக்கர் கட்டாயம். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகும் என்று காத்திருந்தால் சாம்பார் இல்லாமலே சாப்பாடு முடிந்துவிடும். குக்கரிலும் வீட்டை விட ஒரு விசில் கூட விடுங்கள்.

மூணாறு, தேக்கடி போன்ற இடங்களில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்குக் கேரள உயர் நீதிமன்றம் 2025-இல் தடை உத்தரவு போட்டது. சின்னத் தண்ணீர் பாட்டிலும் அதில் அடக்கம். எவர்சில்வர் பாட்டிலும் தட்டும் கொண்டு வாருங்கள்.

துணியைப் பொறுத்தவரை ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், இரண்டு ஜோடி சாக்ஸ், காதுக்குக் குல்லா. கூடவே டார்ச், வழக்கமான மாத்திரைகள், வாந்தி மாத்திரை. மழைக்காலத்தில் சோலைப் பக்கம் நடந்தால் அட்டை ஏறும், உப்புப் பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும். சிக்னல் போய்ப் போய் வரும், எனவே மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். எல்லோருடைய ஆதாரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு போதும், அண்டா குண்டாவெல்லாம் கேபினில் இருக்கும்.

படி 5: இருட்டுவதற்கு முன்பும் பின்பும்

4 மணிக்குச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு மணி நேர வெளிச்சம் கையில் இருக்கும். பிள்ளைகளை ஒரு சுற்று கூட்டிப் போய் வேலி எங்கே முடிகிறது, எதுவரை விளையாடலாம் என்று காட்டிவிடுங்கள். தண்ணீர்க் குழாய், மெயின் சுவிட்ச், கேர்டேக்கர் தங்கும் இடம் மூன்றையும் பெரியவர்கள் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

அரிசி, பழம், மீந்த சோறு எதையும் திண்ணையிலோ காரிலோ வைக்காதீர்கள். சின்னக்கானல் பக்கம் அரிசி தேடி ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மே மாதமே அது கம்பம் ஊருக்குள் இறங்கிவிட்டது. கடைசியில் தமிழக வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட்டது. யானை மூக்குக்கு அவ்வளவு தூரம் தெரியும். பகலில் இதே வேலையைக் குரங்கு பார்க்கும்.

குளிருக்கு நெருப்பு மூட்டுவதானால் வெளியே, கேர்டேக்கர் காட்டும் இடத்தில் மட்டும். கரி அடுப்பை, அது எவ்வளவு தணிந்திருந்தாலும், படுக்கும் அறைக்குள் கொண்டுபோகவே கூடாது. சாத்திய அறையில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, புகையும் கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார். கம்பளி போதவில்லையா? இன்னொன்று கேட்டு வாங்குங்கள்.

படி 6: இறங்கும் நாள்

குப்பையை ஒரு பையில் கட்டிக் கீழே கொண்டு வாருங்கள். மறையூரில் முனியறைகளைக் காலை வெயிலிலேயே பார்த்துவிடலாம். பாறை மேல் கல்பலகைகளை நிறுத்தி மூடிய பழங்காலக் கல்லறைகள் அவை. பாட்டி கீழே நிழலில் உட்கார்ந்துகொள்ளட்டும். அப்புறம் வெல்ல ஆலை. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மறையூர் வெல்லத்தைச் சூட்டோடு உருண்டை பிடிப்பதை நேரில் பார்க்கலாம். வாங்கும்போது கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள். நல்ல வெல்லத்தில் உப்புக் கரிக்காது, நிறமும் கருத்த பழுப்பாகத்தான் இருக்கும். மஞ்சளாகப் பளபளப்பதை விட்டுவிடுங்கள். மதியச் சாப்பாட்டை மறையூரிலேயே முடித்துக்கொண்டு 2 மணிக்குக் கிளம்பினால், வெயில் இருக்கும்போதே ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டிவிடலாம்.